பின்னாடியே வர்றேன்

1997 பிப்ரவரி 14, வெள்ளி

ஓய்வு பெற்ற அன்று கல்லூரியில் ஒரு ரோஜா மாலை, ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு டைரி கொடுத்தார்கள். மாலை அன்றே வாடியது. கடிகாரம் தீபாவளிக்கு நின்றது. டைரி மட்டும் புத்தம் புதிதாக இருக்கிறது. ஒரே குறை, அது போன வருடத்து டைரி. தேதியை அடித்துவிட்டு எழுதுகிறேன். முப்பத்து மூன்று வருடம் தத்துவம் நடத்தியவனுக்குக் காலம் ஒரு பொருட்டில்லை என்று மங்கையிடம் சொன்னேன். “பிள்ளைங்ககிட்ட பேசினதெல்லாம் இப்ப எங்கிட்ட பேசுறீங்க. பாதிய அந்த டைரிகிட்ட பேசுங்க” என்றாள். மனைவி சொல்லுக்கு மறுப்பேது.

விஷயம் அக்காதான். வடிவு அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள், இப்போது அறுபத்தைந்து. திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உறையூரில் இந்த வீடு அவள் கட்டியது, நாங்கள் அதில் குடியிருக்கிறோம். ஜனவரிக் கடைசியில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்து, எஃகுப் பந்து வைத்துத் தைத்தார்கள். முந்தாநாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

கிளம்பும்போது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். ஆஸ்பத்திரி வேலை முடிந்தது, இனி நடக்க வேண்டியது அக்காவின் வேலை என்றார். மார்ச் பத்தாம் தேதி பரிசோதனைக்கு வரும்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவளாக நடந்து வர வேண்டும். இந்த மூன்று நான்கு வாரத்தைக் கோட்டை விட்டால் கால் மறந்துவிடும். அப்புறம் படுக்கைதான், முதுகுப் புண், நெஞ்சுச் சளி என்று ஒவ்வொன்றாக வந்து ஆளைக் கொண்டு போய்விடும் என்றார்.

நான் சிரித்தேன். அவள் யார் என்று அந்த டாக்டருக்குத் தெரியாது. பத்து வயதில் பர்மா மலையைக் கால்நடையாகத் தாண்டியவள், அதுவும் நாலு வயது என்னைத் தோளில் போட்டுக்கொண்டு. மார்ச் பத்தாம் தேதி அவள் டாக்டரையே துரத்திக்கொண்டு ஓடுவாள்.

பிப்ரவரி 15, சனி

பிசியோதெரபி செய்கிற பெண் வந்தாள். பெயர் ஜெசிந்தா. பாலக்கரையிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறாள். முப்பது வயது இருக்கும், குரலில் ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் இருக்கிறாள்.

அக்கா யார் கையையும் பிடிக்காமல் கட்டிலைவிட்டு எழுந்து வாக்கரைப் பிடித்து நின்றாள். பார்த்தாயா என்பது போல் மங்கையைப் பார்த்தேன். ஹாலுக்கு வந்ததும், விழுந்தால் தாங்கிக்கொள்ள ஜெசிந்தா அக்காவின் முதுகுப் பக்கம் போய் நின்றாள். “நீங்க முன்னாடி போங்கம்மா, நான் பின்னாடியே வர்றேன். திரும்பிப் பாக்காதீங்க, இடுப்பு பிசகிடும்” என்றாள்.

அக்கா அரை அடி வைத்தாள். நின்றாள். தலை சுற்றுகிறது என்று நாற்காலியைக் கேட்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்குமேல் எழவே இல்லை. முதல் நாள் அப்படித்தான் இருக்கும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஜெசிந்தாவுக்குச் சர்ச். அக்காவுக்கு ஓய்வு. எனக்குக் கத்தரிக்காய் நறுக்கும் வேலை. நான் நறுக்கியதைப் பார்த்துவிட்டு மங்கை மறுபடி நறுக்கினாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

நேற்றும் இன்றும் அதே கதை. எழுந்து நிற்கிறாள், அரை அடி வைக்கிறாள், உட்கார்ந்துவிடுகிறாள். உற்சாகம் குறைந்திருக்கிறது என்று முடிவு கட்டி, மதியம் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கதையை அவளுக்கே சொன்னேன். எங்கள் குடும்பத்தில் யார் துவண்டாலும் கொடுக்கிற மருந்து அதுதான்.

1941 டிசம்பர் 23. ரங்கூனில் முதல் குண்டு விழுந்த நாள். ஜப்பான் விமானங்களை ஜனங்கள் தெருவில் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள், ஓடி ஒளிய வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவும் வேடிக்கை பார்த்தார். அவர் திரும்பி வரவில்லை. அம்மா காந்திமதிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு ஆவுடையப்பப் பிள்ளையின் கூட்டத்தோடு கிளம்பினாள். மாந்தளை வரை ரயில், அப்புறம் ஆற்றில் படகு, எல்லையில் இருக்கிற டாமுவிலிருந்து இம்பாலுக்கு மலைமேல் நடை. சாகப் போகிற வழியிலும் வெள்ளைக்காரனுக்கு ஒரு பாதை நமக்கு ஒரு பாதை என்று பிரித்து வைத்திருந்தார்களாம். எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதற்கு இன்றுவரை யாரிடமும் சரியான பதில் இல்லை.

அம்மா இம்பால் முகாம் ஆஸ்பத்திரியில் காலராவில் போனாள். மாசித் தேய்பிறைத் திரயோதசி, சிவராத்திரிக்கு முதல் நாள். அக்கா பக்கத்திலேயே இருந்தாள். அந்த அமளியிலும் பத்து வயதுப் பெண் நாளை நினைவில் வைத்துக்கொண்டு திருச்சிக்கு வந்து, அம்மாவின் அண்ணன் சிதம்பரம் மாமாவிடம் சொன்னாள். அந்த நாளில்தான் இத்தனை வருடமாக ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபத்துப் படித்துறையில் நான் திதி கொடுத்து வருகிறேன். என்ன பெண் அவள்! கல்லூரியில் மனவுறுதி என்று பாடம் வந்தால் அயல்நாட்டு ஞானிகளை ஓரமாக வைத்துவிட்டு அக்காவைத்தான் சொல்வேன்.

“ரங்கூன்லேருந்து நடந்தவ நீ. இந்த ஹால் உனக்கு ஒரு தூரமா?” என்று முடித்தேன். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நெகிழ்ந்துவிட்டாள் போலிருக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

வகுப்பில் நான் வருடா வருடம் செய்கிற ஒரு வித்தை உண்டு. ஒன்றை அறிவதற்கு மூன்று வழி என்று நம் சைவ நூல்கள் சொல்கின்றன: கண்ணால் காண்டல், கண்டதை வைத்துக் கருதல், நம்பத் தகுந்தவர் சொன்ன உரை. மலையில் புகை தெரிந்தால் நெருப்பு உண்டு என்பது கருதல். மலையில் நெருப்பு என்று பால்காரர் சொல்லி நம்பினால் உரை. இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நான் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். “யாரும் திரும்பக் கூடாது. நான் இன்னும் இங்கே இருக்கிறேனா? நிரூபியுங்கள்” என்பேன். ஒரு வருடம் ஒரு பெண் சொன்னாள்: “இருக்கீங்க சார், இன்னும் பேசிக்கிட்டே இருக்கீங்களே.” வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம்.

மூன்றிலும் உரைதான் மட்டம் என்பது என் கட்சி. சொல்கிறவன் பொய் சொன்னால் முடிந்தது. ஆனால் யோசித்தால், அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாமே உரைதான், எல்லாம் அக்கா சொன்னது.

எனக்கென்று ஒரே ஒரு காட்சி உண்டு. அதையும் எழுதி வைக்கிறேன். ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். முகம் கிடையாது. அவள் சின்னதாகிக்கொண்டே போகிறாள். கை மடியில் இருந்ததா, தலையில் வைத்திருந்தாளா, எவ்வளவு முயன்றாலும் வருவதில்லை. இம்பாலைத் தாண்டி ரயில் ஏறிய திமாப்பூர் ரயிலடியில் பார்த்த யாரோ ஒருத்தியாக இருக்கலாம். பிற்பாடு ஏதாவது படத்தில் பார்த்ததாகக்கூட இருக்கலாம். சாட்சிக் கூண்டில் ஏறினால் நிற்காது.

பிப்ரவரி 23, ஞாயிறு

எக்ஸ்சேஞ்சில் அக்காவோடு வேலை பார்த்த இரண்டு அம்மாக்கள் சாத்துக்குடியோடு பார்க்க வந்தார்கள். வீடு கலகலவென்று ஆனது. அந்தக் காலத்தில் வெளியூருக்கு ஒரு டிரங்க்கால் போட்டால் அரை நாள் காத்திருக்க வேண்டும். மற்ற ஆபரேட்டர்கள் “லைன்ல இருங்க” என்று சொல்லிவிட்டு வேறு வேலையில் மறந்துவிடுவார்களாம். அக்கா மறந்ததே இல்லையாம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அந்த லைனுக்குத் திரும்பி வந்து, “இருக்கேன் சார், இருக்கேன், இன்னும் கிடைக்கலை” என்பாளாம். ஷிப்டு முடிந்தும், காத்திருக்கிற லைன் தீராமல் ஹெட்போனைக் கழற்ற மாட்டாளாம். ஒரு மிலிட்டரி ஆபீசர் அவள் பெயரைக் கேட்டு வாழ்த்துக் கடிதமே எழுதினாராம்.

இதில் பாதி எனக்குத் தெரியாது. என் அக்காவை நினைக்க நினைக்கப் பெருமையாக இருக்கிறது. இப்படிப்பட்டவளைக் கடவுள் ஒரு குளியலறையில் விழ வைத்தாரே என்று கோபமாகவும் இருக்கிறது.

பிப்ரவரி 26, புதன்

முதுகின் கீழ்ப்புறம் உள்ளங்கை அளவு சிவந்திருப்பதாக மங்கை சொன்னாள். ஜெசிந்தா பார்த்துவிட்டு என்னை வாசலுக்கு அழைத்தாள். இது புண்ணாவதற்கு முன்னால் இருக்கிற நிலை, இன்னும் பத்து நாள் இப்படியே படுத்திருந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். அப்புறம் ஒன்று சொன்னாள்: “வலி இல்லை சார். பயமும் இல்லை. ரூமுக்குள்ள சுவத்தப் புடிச்சு தனியா நாலடி நடக்கிறாங்க, நான் ஜன்னல் வழியா பாத்தேன். நான் பின்னால வந்து நின்னாதான் உக்காந்துடுறாங்க.”

ஜெசிந்தாவைப் பிடிக்கவில்லை போலும் என்று கருதினேன். வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். “தங்கமான பொண்ணு. அவளை ஏன் மாத்தணும்?” என்றாள். என் கருதல் அந்தரத்தில் தொங்குகிறது.

மார்ச் 1, சனி

இன்று நானே பின்னால் நின்றேன். ஜெசிந்தா சொல்வது போலவே நீ முன்னாடி போ அக்கா, நான் வர்றேன் என்றேன். வாக்கரை விட்டுவிட்டாள். நல்ல வேளையாக நாற்காலி இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊரெல்லாம் உன் நடையைப் பற்றிப் பேசுகிறது, நீ என்னடாவென்றால் படுத்தே சாவதென்று முடிவு கட்டிவிட்டாயா என்று கத்தினேன். தொண்டை கட்டுகிற அளவுக்கு. அக்கா என் சட்டைப் பொத்தான் ஒன்று கழன்று தொங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சமையலறையில் மங்கை அடுப்பை அணைத்துவிட்டு என்னிடம் வந்தாள். “அவங்க நடந்த கதைய நீங்க நூறு தடவ சொல்லியிருக்கீங்க. அவங்க ஒரு தடவ சொல்லி நான் கேட்டதில்லை. நீங்க கேட்டிருக்கீங்களா?”

கேட்டிருக்கிறேன் என்றேன். அப்புறம் எப்போது கேட்டேன் என்று யோசித்தேன்.

மார்ச் 3, திங்கள்

சட்டையில் பொத்தான் தைத்திருந்தது. படுத்தபடியே தைத்திருக்கிறாள்.

மார்ச் 4, செவ்வாய்

வியாழக்கிழமை திரயோதசி. கடைத்தெருவில் எள்ளும் தர்ப்பையும் வாங்கி வந்தேன். பையைப் பார்த்த அக்கா, “சபா, இந்த வருஷம் திதி குடுக்க வேண்டாம்” என்றாள்.

உடம்பு சரியில்லாத வீட்டில் வேண்டாம் என்று நினைக்கிறாயா, அதற்கு அப்படியெல்லாம் விதி இல்லை என்றேன். அதில்லை என்றாள். பின்னே என்ன என்றேன். “நாளைக்கு மத்தியானம் மங்கை கோயிலுக்குப் போவா. அப்ப சொல்றேன்” என்றாள். எதற்கும் எள்ளைப் புடைத்து வைத்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

அவள் சொன்னபடியே எழுதப் பார்க்கிறேன்.

அம்மா இம்பாலுக்கு வந்து சேரவே இல்லை.

டாமுவைத் தாண்டி மலை ஏறத் தொடங்கிய மறுநாள் காலை. அம்மாவுக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு, வாயில் தண்ணீர்கூடத் தங்கவில்லை. ஒரு மரத்தடியில் உட்கார்ந்தவள் எழவில்லை. பொழுது சாய்வதற்குள் அடுத்த முகாமுக்குப் போகாவிட்டால் யாருக்கும் தண்ணீர் கிடையாது. ஆவுடையப்பப் பிள்ளை கொஞ்ச நேரம் நின்றார், வானத்தைப் பார்த்தார், அப்புறம் நடந்தார். அம்மா உட்கார்ந்தபடியே என்னை எடுத்து அக்கா தோளில் சார்த்தினாள்.

“‘நாளைக்குச் சிவராத்திரி, இன்னிக்கே மலையத் தாண்டிடுங்க. தம்பியத் தூக்கிக்கிட்டு நீ முன்னாடி போ, நான் பின்னாடியே வர்றேன். திரும்பிப் பாக்காத, பாத்தா கால் ஓடாது’ன்னு சொல்லிச்சு. நான் பாக்கலடா.”

முகாமில் இரண்டு நாள் காத்திருந்தாளாம். பின்னால் வருகிறவர்களை எல்லாம் கேட்டாளாம். அந்த மரத்தடியில் யாரும் இல்லை என்று ஒரு பெண் மட்டும் சொன்னாள். எழுந்து வேறு வழியில் போனாளா, யாராவது தூக்கிப் போனார்களா, வேறு ஏதாவதா, தெரியாது. ஆவுடையப்பப் பிள்ளை கிளம்பச் சொன்னார், கிளம்பினோம்.

திருச்சியில் மாமா வீட்டுக்கு ஐயரை வரவழைத்தார்கள். செத்தது நிச்சயமில்லை என்றால் பன்னிரண்டு வருடம் பொறுக்க வேண்டும், அதுவரை பிண்டம் கிடையாது, எள்ளும் தண்ணீரும் கிடையாது, அதுதான் முறை என்றார் அவர். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா உள்ளே போய், நான் பார்த்தேன், அம்மா இம்பால் ஆஸ்பத்திரியில் செத்துப்போனது, சிவராத்திரிக்கு முதல் நாள் என்று சொல்லிவிட்டாள்.

“மூணு நாளா அது ஒண்ணும் சாப்பிடலடா. பன்னெண்டு வருஷம் பட்டினி போடணும்னு அந்த ஐயர் சொன்னாரு. எனக்குப் பொறுக்கல. அதான் சொன்னேன். எல்லாரும் அழுதாங்க. அப்புறம் யாரும் தேடல. நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா மாமா இம்பாலுக்கே போயிருப்பாரு. ஒரு வேளை கூட்டிட்டு வந்திருப்பாரு.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

“வடிவு நடந்தா, வடிவு நடந்தான்னு ஊரே சொல்லுது. நீயும் சொல்ற. நான் நடந்ததுதான்டா தப்பு. திரும்பிப் பாக்காம வர்றது எங்கேருந்து? சுடுகாட்டுலேருந்து. அம்மா பின்னாடி கூப்பிட்டுச்சோ என்னமோ. அது மட்டும் தெரியாமயே இத்தனை வருஷம் போயிருச்சு.”

முதல் நாள் ஜெசிந்தா சொன்ன வார்த்தை எனக்கு இப்போதுதான் உறைத்தது. நானும் அதையே சொன்னேன். சொன்னது மட்டுமா, கத்தினேன்.

எழுந்துபோய் காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன். அக்கா அப்படியே குடித்துவிட்டாள்.

மார்ச் 6, வியாழன்

காலையில் அம்மா மண்டபத்துக்குப் போனேன். போவதா வேண்டாமா என்று பஸ்ஸில்கூட முடிவு செய்யவில்லை. காவிரியில் முழங்கால் தண்ணீர். எனக்கு வழக்கமாகச் செய்து வைக்கிற ஐயர் கோத்திரம் கேட்டார், சிவகோத்திரம் என்றேன். அம்மா பெயர் கேட்டார். வருடா வருடம் டக்கென்று சொல்கிற பெயர்தான், இன்று அதைச் சொல்லாமல் ஆற்றைப் பார்த்தேன். இருந்தால் அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. இருக்கிறவளுக்கா எள்ளும் தண்ணீரும் இறைக்கப் போகிறோம் என்று கை கூசியது. காண்டல் இல்லை. கருதல் எந்தப் பக்கமும் போகும். மிச்சம் இருப்பது ஒரு பத்து வயதுப் பெண்ணின் உரை, அதுவும் பொய் என்று அவளே சொல்லிவிட்டாள்.

ஆனால் அந்தப் பெண்ணை நினைத்தேன். அவள் கால் கொப்புளம்கூட ஆறியிருக்காது. முன்பின் பழகாத வீட்டில், பெரியவர்கள் கூடியிருக்கிற இடத்தில் போய் நின்று, என் அம்மாவுக்குச் சோறு போடுங்கள் என்று கேட்கத் தெரியாமல் அவள் செத்துப்போனாள் என்று சொன்னாளே. அம்மாவின் பசியை அவளைத் தவிர வேறு யார் நினைத்தார்கள்? நான் படித்த எந்த ஞானியும் அவள் கிட்டே வர முடியாது. காந்திமதி என்று சத்தமாகச் சொன்னேன். பிண்டத்தை எப்போதையும்விடப் பெரிதாகப் பிடித்தேன். ஐயர் நிமிர்ந்து பார்த்தார்.

மதியம் வீட்டுக்கு வந்ததும் அக்கா, “குடுத்தியா?” என்றாள்.

“குடுத்தேன். நீ சொன்ன நாள்ல குடுத்தேன். இனிமேயும் குடுப்பேன். பன்னெண்டு வருஷம் பட்டினி போடாம காப்பாத்தின, அதை நான் நிறுத்த மாட்டேன்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் அருகில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து, அவளிடம் என் காட்சியைச் சொன்னேன்.

“நீ பாக்கல. ஆனா நான் பாத்தேன் அக்கா. உன் தோள்ல பின்பக்கம் பாத்துக்கிட்டுத்தானே வந்தேன். அம்மா கூப்பிடல. கையத் தூக்கி, போ, போன்னு ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. வளைவு திரும்புற வரைக்கும் ஆட்டுச்சு.”

அக்கா கண்ணைத் திறந்தாள். “எந்தக் கை?”

“வலது கை.”

“நல்லாத் தெரியுமா?”

“நல்லாத் தெரியும்.”

ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தாள். “அம்மாவுக்கு இடது கைப் பழக்கம்டா” என்றாள்.

நான் தரையைப் பார்த்தேன். அவள் கை நீட்டி என் பொத்தானைத் தொட்டு, அது உறுதியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: “இடது கைய ஊணிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அதான் வலது கையத் தூக்கியிருக்கும்.”

“ஆமா” என்றேன்.

இதைப் பற்றி இங்கே இதற்குமேல் எழுதப் போவதில்லை.

மார்ச் 7, வெள்ளி

சிவராத்திரி. மங்கை விரதம். அக்கா இரண்டு தட்டு இட்லி சாப்பிட்டாள். ஜெசிந்தாவிடம் இனிமேல் பின்னால் நிற்க வேண்டாம், பக்கவாட்டில் நில்லுங்கள் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். குடும்ப வழக்கம் என்றேன். பக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொள்ள, அக்கா ஹாலின் பாதி வரை வந்தாள். ஆனால் டாக்டர் கேட்பது தனியாக நடப்பது. திங்கட்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது.

மார்ச் 8, சனி

முக்கால் ஹால். ஜெசிந்தா கையை விட்டதும் நின்றுவிட்டாள். முதுகுச் சிவப்பு கூடவில்லை, குறையவும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

காலை பத்து மணிக்கு நான் ஹாலில் தினசரி படித்துக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து வாக்கர் சத்தம். அக்கா அறைவாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை வாரி, துவைத்த புடவை கட்டியிருந்தாள். எதற்கு இப்படி என்று கேட்டேன்.

“சபா, பேப்பர வை. எந்திரி. கேட் வரைக்கும் போகணும்.”

பக்கத்தில் வந்து கையைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“நீ முன்னாடி போ. நான் பின்னாடியே வர்றேன்.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “திரும்பிப் பாக்காத.”

சமையலறை வாசலில் மங்கை கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். போங்கள் என்று கண்ணால் சொன்னாள். நான் திரும்பி, கதவைப் பார்த்து நடக்கத் தொடங்கினேன்.

வாக்கரின் ரப்பர்க் கால் தரையில் ஊன்றுகிற சத்தம், பிறகு ஒரு கால், பிறகு தேய்த்துக்கொண்டு வருகிற இன்னொரு கால். டொக், டப், சர்ர். நான் ஓரடி, சத்தம் ஓரடி. ஹால் இவ்வளவு நீளமா என்று இருந்தது. ஒவ்வோர் அடிக்கும் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, பல்லைக் கடித்து நிறுத்தினேன். பத்து வயதுப் பெண் தோளில் ஒரு பிள்ளையோடு இதை ஒரு மலை முழுக்கச் செய்தாள். எனக்கு ஹாலைத் தாண்டுவதற்குள் வேர்த்துவிட்டது.

வாசல்படியைத் தாண்டி வராந்தாவுக்கு வந்தேன். பின்னால் சத்தம் நின்றது.

நின்றேன். காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. படி தடுத்திருக்குமோ, வலியோ, உட்கார்ந்துவிட்டாளோ. நான் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்று எத்தனை பிள்ளைகளை விளையாட்டாகக் கேட்டிருக்கிறேன். இன்று நான் முதல் பெஞ்சில். கண்ணுக்கு எதிரே கேட்டும் தெருவும்தான் இருந்தன. சத்தம் போனதும் கருதுவதற்கும் எதுவும் இல்லை. பின்னாடியே வர்றேன் என்று அவள் சொன்னது மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நடந்தேன். மட்டமானது என்று நான் ஒதுக்கி வைத்த அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வராந்தாவை இறங்கி, துளசித் தொட்டியைத் தாண்டி, கேட் வரை போனேன். கேட்டின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அழுதேன். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் குதிகாலில் ஏதோ இடித்தது. ரப்பர்.

“தள்ளி நில்லுடா” என்றாள் அக்கா. “வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிற.”